டீசல் ஃபில்டர் ஒழுகினால் வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி கேட்டவர் சொன்னதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய டீசல் வேன். ஃபில்டருக்கு அடியில் எப்போதும் ஈரம், இரவு நிறுத்தி வைத்தால் காலையில் தரையில் நாலைந்து சொட்டு. கொஞ்ச நாளாகக் காலை முதல் ஸ்டார்ட்டுக்கு செல்ஃப் நீண்ட நேரம் சுற்றுகிறது. புது ஃபில்டர் வாங்கி வைத்துவிட்டார். வீட்டிலேயே தானே மாற்றிவிடலாமா, மாற்றியபின் வண்டி கிளம்பாமல் நின்றுவிடுமோ என்று கேட்கிறார்.

மாற்றும் முறையைத்தான் கேட்டிருக்கிறார், ஆனால் அவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு இரண்டு விஷயம். ஒழுகுவது ஃபில்டர்தானா? கழற்றும்போது லைனுக்குள் போகும் காற்றை அவரால் வெளியே எடுக்க முடியுமா? இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கழற்றி மாட்டுவது அரை மணி நேர வேலை. கிடைக்காமல் ஸ்பேனரை எடுத்தால் அன்றைய பொழுது போய்விடும், வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

நான் பல வருடமாக டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை பார்ப்பவன். 'ஃபில்டர் ஒழுகுது' என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஃபில்டர் டப்பா நன்றாகவே இருக்கும். ஒழுகுவது அதைச் சுற்றியிருக்கும் ஏதாவது ஒன்றுதான்: அடியில் தண்ணீர் இறக்கும் ஸ்க்ரூவின் ஓ-ரிங் (வட்டமான ரப்பர் வளையம்), தண்ணீர் சென்சார் உட்காரும் இடம், மேல்மூடியின் ரிங், தளர்ந்துபோன ஹோஸ் கிளிப், அழுத்தி மாட்டும் பிளாஸ்டிக் கனெக்டருக்குள் இருக்கும் குட்டி ரிங், டீசலைக் கையால் தள்ளி நிரப்பும் கை பம்பின் ரப்பர். எங்கே கசிந்தாலும் டீசல் டப்பாவின் மேல் வழிந்து இறங்கி அடியில்தான் சொட்டும். அதனால் சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஈரம் தொடங்கும் இடங்களில் எது ஆக உயரத்தில் இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டியது.

அதைக் கண்டுபிடிப்பது எளிது. இன்ஜின் முழுக்க ஆறியபின் பிரேக் கிளீனர் அடித்து ஃபில்டரையும் அதில் வந்து சேரும் குழாய்களையும் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் தனித்தனியாக ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தைச் சுற்றுங்கள். மேல்மூடிக்கு ஒன்று, ஒவ்வொரு குழாய் முனைக்கும் ஒன்று, அடி ஸ்க்ரூவுக்கு ஒன்று. இரவு அப்படியே விட்டுவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள். மேலே இருப்பது காய்ந்து அடியில் இருப்பது மட்டும் நனைந்திருந்தால் அடி ஸ்க்ரூவோ சென்சாரோதான், ஒரு ரிங்கோடு வேலை முடியலாம். மேலே நனைந்திருந்தால் கீழே உள்ளவை எல்லாம் வழிந்ததில் நனைந்தவை. பார்த்து முடித்ததும் காகிதத்தை எடுத்துவிட மறக்காதீர்கள், ஃபேன் பெல்ட்டில் போய்ச் சிக்கும்.

இனி காலை ஸ்டார்ட் பிரச்சினை. டீசல் ஃபில்டருக்கு வந்து சேரும் வழி இரண்டு வகை. பழைய வண்டிகள் பலவற்றில், சில காமன் ரயில் வண்டிகளிலும்கூட (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான 'ரயில்' என்ற ஒரே உயர் அழுத்தக் குழாயில் டீசலைச் சேர்த்து வைக்கும் வகை), டேங்கில் பம்ப் கிடையாது. இன்ஜினில் உள்ள பம்ப்தான் டீசலை உறிஞ்சி இழுக்கும். வண்டி ஓடும்போது அந்த லைனில் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு, ஆகவே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வருவதில்லை, காற்று உள்ளே போகும். வண்டி நின்றபின் டீசல் மெல்லக் கசியும் அல்லது டேங்குக்குத் திரும்ப இறங்கும், அந்த இடத்தில் காற்று வந்து உட்காரும். காலையில் செல்ஃப் அந்தக் காற்றைத் தள்ளித் தீர்த்த பிறகுதான் டீசல் வந்து சேரும். இரண்டாவது வகையில் டேங்குக்குள்ளேயே மின்சாரப் பம்ப். ஃபில்டருக்கு 3 முதல் 6 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) அழுத்தத்தில் டீசல் வரும், கசிவு இருந்தால் ஓடும்போதுதான் அதிகமாக ஒழுகும். உங்கள் வண்டி நிற்கும்போது சொட்டுகிறது, காலையில் திணறுகிறது. முதல் வகை என்றுதான் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் இடத்தில் ஒளி ஊடுருவும் குழாய் இருந்தால் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் அழுத்தாமல் இன்ஜின் ஓடும்போது) பாருங்கள், குமிழ்கள் ஓடினால் ஊகம் சரி. குமிழே இல்லையென்றால் காலைத் திணறலுக்குக் காரணம் குளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜினுக்குள் சூடேற்றும் பிளக்), பாட்டரி, தேய்ந்த இன்ஜெக்டர் என்று வேறெங்கோ இருக்கலாம். அதை எந்தப் புது ஃபில்டரும் சரி செய்யாது.

வேலையில் இறங்குமுன் ஒரு எல்லைக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். டேங்கிலிருந்து ஃபில்டர் வரை, ஃபில்டரிலிருந்து பம்பின் வாசல் வரை உங்கள் கை போகலாம். பம்பிலிருந்து ரயிலுக்கும் ரயிலிலிருந்து இன்ஜெக்டருக்கும் போகும் கெட்டியான இரும்புக் குழாய்களைத் தொடவே வேண்டாம். 1997இல் கார்களில் காமன் ரயில் வந்ததிலிருந்து இந்தப் பகுதியின் அழுத்தம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஐடிலிலேயே சில நூறு பார், பாரம் இழுக்கும்போது 1600, 2000 பார், அதற்கு மேலும் உண்டு. அந்த அழுத்தத்தில் ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீய்ச்சும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. ஆனால் அது சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம், தாமதித்தால் விரலோ கையோ போகலாம். எனவே இன்ஜின் ஓடும்போது கையால் தடவிக் கசிவு தேடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தப்பித்தவறி அப்படி நடந்துவிட்டால் 'உயர் அழுத்த டீசல் தோலுக்குள் போய்விட்டது' என்று மருத்துவமனையில் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இன்ஜினை நிறுத்தியதும் ஃபில்டரில் கை வைக்காமல் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். எப்படியும் ஆறிய இன்ஜினில்தான் வேலை செய்யப்போகிறீர்கள்.

தீ விஷயத்தில் டீசல் பெட்ரோல் மாதிரி இல்லை. அறை வெப்பத்தில் அதன் ஆவி பற்றிக்கொள்ளாது, அதற்கு ஏறக்குறைய 55 டிகிரி செல்சியஸ் வேண்டும். இதை நம்பித்தான் பலர் ஒழுகலோடு ஓட்டுகிறார்கள். ஆனால் 200 டிகிரியை நன்றாகத் தாண்டிய டர்போ மீதோ எக்ஸாஸ்ட் மீதோ டீசல் தெளித்தால் பொறியே இல்லாமல் பற்றும், அந்தப் பாகங்கள் ஓடும்போது அதைவிடச் சூடாகவே இருக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் சொட்டினாலோ ஓடும்போது பீய்ச்சினாலோ ஓட்டாதீர்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெறும் ஈரக்கசிவு, எக்ஸாஸ்ட் தூரத்தில் இருக்கிறது என்றால் பட்டறை வரை மெதுவாக ஓட்டிப் போகலாம் என்பது என் கருத்து. அதுவும் கூடாது என்பவர்கள் உண்டு, அவர்களோடு சண்டை போட மாட்டேன்.

சாமான் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஃபில்டர் பெட்டியில் வரும் ரிங்குகள் பெரும்பாலும் மேல்மூடிக்கு மட்டும்தான். அடி ஸ்க்ரூ, சென்சார், குழாய் முனைகளுக்கான ரிங்குகளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கையில் கிடைத்த கறுப்பு ரிங்கைப் போடாதீர்கள். தண்ணீர்க் குழாய்க்கும் பிரேக்குக்கும் பயன்படும் இபிடிஎம் ரப்பர் டீசலில் ஊறி உப்பிவிடும். நைட்ரைல் அல்லது விட்டான் ரிங்காக இருக்க வேண்டும், அளவும் தடிமனும் பழையதோடு பொருந்த வேண்டும். பல வருடம் அழுந்திக் கிடந்த பழைய ரிங் தட்டையாகியிருக்கும், ஆகவே புது ரிங் கொஞ்சம் உருண்டையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். டெஃப்லான் டேப், சிலிக்கான், பசை எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது. அதன் துணுக்கு ஒன்று ஃபில்டரைத் தாண்டிவிட்டால் இன்ஜெக்டரில் போய் நிற்கும். டப்பாவில் விரிசல் இருந்தால் டப்பாவையே மாற்ற வேண்டும், ஒட்டுவேலை நிற்காது.

கழற்றுமுன் போனில் படம் எடுத்து, எந்தக் குழாய் எங்கே என்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். சில ஃபில்டரில் உள்ளே, வெளியே, ரிட்டர்ன் என்று மூன்று, நான்கு குழாய்கூட வரும். பாட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், பக்கத்தில் புகைபிடிப்பவரை அனுப்பிவிடுங்கள். டேங்க் மூடியை ஒருமுறை திறந்து மூடினால் உள்ளே நிற்கும் அழுத்தம் போய்விடும். அடியில் தட்டு வையுங்கள். ஆல்டர்னேட்டர், பெல்ட், கூலன்ட் ஹோஸ் மீது பாலிதீன் போர்த்துங்கள். பெல்ட்டில் டீசல் ஊறினால் அந்த பெல்ட் போனதுதான். நைட்ரைல் கையுறை போடுங்கள். ஃபில்டரைச் சுற்றியுள்ள மண்ணையெல்லாம் துடைத்த பிறகுதான் முதல் இணைப்பைத் திறக்க வேண்டும்.

முதல் வேலை அடி ஸ்க்ரூவைத் திறந்து உள்ளே இருப்பதை ஒரு சுத்தமான கண்ணாடி பாட்டிலில் பிடிப்பது. பலர் இதைத் தட்டில் ஊற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். உங்கள் வண்டியின் உடல்நலம் முழுக்க அந்த பாட்டிலில்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். டீசலின் அடர்த்தி லிட்டருக்கு 0.82 முதல் 0.85 கிலோ, ஆகவே தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், இடையில் கோடு போட்டது போலத் தெரியும். ஒரு மூடி அளவு தண்ணீர் என்றால் ஃபில்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். பாட்டிலில் பாதி தண்ணீர் என்றால் டேங்கில் இன்னும் இருக்கும். அந்தக் கோட்டில் பழுப்பாகவோ கறுப்பாகவோ கொழகொழவென்று படர்ந்திருந்தால் டேங்கில் நுண்ணுயிர் வளர்கிறது. டேங்கைக் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். கடைசியாக பாட்டிலை டார்ச் வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றுங்கள். வெள்ளிப்பொடி போல மினுமினுத்துச் சுழன்றால் அது உலோகத் தூள், பெரும்பாலும் உயர் அழுத்தப் பம்ப் தேய்ந்து வருவது. பழைய ஃபில்டரின் தாளை அறுத்து விரித்தால் மடிப்புகளுக்குள்ளும் அதே மினுமினுப்பு இருக்கும். அப்படியானால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது ஃபில்டரோடு தீராது, பம்பையும் இன்ஜெக்டரையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இனி கழற்றி மாட்டுவது. திருகும் டப்பா வகையென்றால் பட்டை ஸ்பேனரால் தளர்த்திக் கையால் கழற்றுங்கள். கழன்றதும் மேலே டப்பா உட்கார்ந்த இடத்தைத் தடவிப் பாருங்கள், பழைய கேஸ்கெட் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் புதியதை ஏற்றினால் இரண்டு கேஸ்கெட் சேர்ந்து முன்னைவிட மோசமாக ஒழுகும். புது கேஸ்கெட்டில் சுத்தமான டீசலைத் தொட்டுத் தடவி, அது தொடும் வரை திருகி, அதன்பின் டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும் அளவு கையால் இறுக்குங்கள், பொதுவாக முக்கால் சுற்று. இறுக்க ஸ்பேனர் வேண்டாம். கிண்ணத்துக்குள் தாள் மட்டும் மாற்றும் வகையில் ஓ-ரிங் எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது என்று கழற்றும்போதே பார்த்து வையுங்கள், ஒரு பள்ளம் தள்ளிப் போட்டாலும் ஒழுகும். மூடியை எவ்வளவு இறுக்குவது என்பது பல வண்டிகளில் மூடியின் மேலேயே பொறித்திருக்கும், டார்க் ரெஞ்ச் இருந்தால் அதன்படி இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் பிளாஸ்டிக் மரை போய்விடும். அழுத்தி மாட்டும் கனெக்டர் உள்ள வகையில் கனெக்டரை முதலில் ஃபில்டர் பக்கம் உள்ளே தள்ளி, பிறகு அதன் பூட்டுக் காதை (பக்கவாட்டில் உள்ள பிளாஸ்டிக் நாக்கை) அழுத்தி, நேராக வெளியே இழுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பழைய பிளாஸ்டிக் பட்டென்று ஒடியும், புது ஹோஸ் தேடி அலைய வேண்டும். திறந்த முனைகளில் சுத்தமான மூடி ஏதாவது செருகி வையுங்கள். திரும்ப மாட்டும்போது 'கிளிக்' சத்தம் கேட்ட பிறகும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

புது ஃபில்டரில் டீசல் ஊற்றி மாட்டலாமா என்பதில் பட்டறைக்குப் பட்டறை கருத்து மாறும். பழைய மெக்கானிக்கல் பம்ப் காலத்தில் எல்லோரும் ஊற்றித்தான் மாட்டினோம், அதில் பெரிய கெடுதல் வரவில்லை. காமன் ரயிலில் கதை வேறு. அந்தப் பம்புக்குள் பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான். கேனிலிருந்து நேராக ஃபில்டரின் நடு ஓட்டையில் ஊற்றினால் வடிகட்டாத டீசலை வடிகட்டிய பக்கத்தில் ஊற்றுகிறீர்கள், அதில் இருக்கும் தூசி நேரே பம்புக்குப் போகும். கையேடு ஊற்றச் சொன்னால் அது காட்டும் அழுக்குப் பக்கத்தில் மட்டும் ஊற்றுங்கள். இல்லையென்றால் காலியாகவே மாட்டி, பம்ப் செய்து நிரப்புங்கள்.

இப்போது காற்று. கை பம்பும் பிளீடிங் ஸ்க்ரூவும் (காற்றை வெளியே விடும் ஸ்க்ரூ) இருந்தால் உங்களுக்குக் கவலையே இல்லை. ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தி, குமிழ் நின்று டீசல் மட்டும் வரும் வரை பம்ப் செய்து, ஸ்க்ரூவை மூடி, பம்ப் கையில் கெட்டியாகும் வரை இன்னும் கொஞ்சம் அடியுங்கள். டேங்கில் மின்சாரப் பம்ப் இருந்தால் பாட்டரியை மாட்டி, செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். பின்னால் பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். அது நின்றதும் ஆஃப், மறுபடி ஆன், இப்படி நாலைந்து முறை. இரண்டுமே இல்லாத வண்டியில் கை வாக்குவம் பம்பால் ஃபில்டரின் வெளிவாசலிலிருந்து டீசல் வரும் வரை உறிஞ்சி எடுப்பதுதான் நல்ல வழி. செல்ஃப் அடித்தே இழுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அந்த பம்புக்கு டீசல்தான் எண்ணெய், டீசல் வராமல் சுற்றினால் உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். சில வேன்களில் பம்பை ஓட வைக்க ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) வேண்டும், ஆகவே ஃபில்டரைத் திறப்பதற்கு முன்பே கையேட்டில் பார்த்துவிடுங்கள். திறந்த பிறகு தெரிந்து பயனில்லை.

நிரம்பியபின் செல்ஃப் அடிக்கும்போது ஒரு தடவைக்கு 10, 15 வினாடிக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். சில முயற்சியில் எடுக்கவில்லை என்றால் மறுபடி காற்று எடுக்கப் போங்கள், செல்ஃபை வதைக்காதீர்கள். ஈதர் ஸ்பிரே அடிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். குளோ பிளக் சூடாக இருக்கும்போது அது வேண்டாத நேரத்தில் பற்றி இன்ஜினையே உடைக்கலாம். இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கும் பழைய வழி மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கு மட்டும். காமன் ரயிலில் அதைச் செய்தால் மேலே சொன்ன கைக்காயம்தான்.

கிளம்பியதும் முதலில் கொஞ்சம் நடுங்கும், பிறகு சீராகும். பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, மெல்ல ரேஸ் கொடுத்து, கை வைக்காமல் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆறியபின் அதே டிஷ்யூ சோதனையை மறுபடி செய்து, அடியில் ஒரு அட்டையையும் விரித்து வையுங்கள். காகிதம் காய்ந்திருந்தும் காலையில் திணறினால் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள கனெக்டரைச் சந்தேகியுங்கள். உறிஞ்சும் லைனில் டீசல் வெளியே வராத அளவு சின்ன ஓட்டையிலும் காற்று உள்ளே போகும். ஈரம் தெரிகிறதே என்று மேலும் மேலும் இறுக்காதீர்கள், கழற்றி ரிங்கைப் பாருங்கள், முறுக்கிக்கொண்டோ வெட்டுப்பட்டோ இருக்கும்.

பாட்டிலில் பிடித்ததைத் திரும்ப டேங்கில் ஊற்ற வேண்டாம், சாக்கடையிலும் மண்ணிலும் ஊற்ற வேண்டாம். பழைய ஃபில்டரோடு சேர்த்து, கழிவு ஆயில் வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

என்ன வகை ஃபில்டர் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால்தான் எல்லா வகையையும் சொல்ல வேண்டியதாயிற்று. ஃபில்டரின் மேல்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள். எத்தனை குழாய் வருகிறது, கை பம்ப் இருக்கிறதா, சாவியை ஆன் செய்தால் பின்னால் பம்ப் சத்தம் கேட்கிறதா, இந்த மூன்றையும் எழுதினால் உங்கள் வண்டிக்குக் காற்று எடுக்கும் வழியை மட்டும் தனியாகச் சொல்கிறேன். அதுவரை புது ஃபில்டரைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள், தூசி படும்.